நாய்க்கும் பூனைக்கும் ஒரே வைத்தியரா?

மனிதருக்கு வைத்தியம் செய்கிறவர் மனித தேகம் ஒன்றையே ஆயுள் முழுவதும் கற்றுத் தேறலாம். நகரத் தெருவொன்றில், இரண்டு மூன்று அறைகளில் நடைபெறும் சிறு பிராணி கிளினிக்கில் அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவருக்கோ அந்தச் சௌகரியம் கிடையாது. நாயைப் பார்த்தனுப்பிய கையோடு பூனையையும், பூனைக்குப் பின் முயலையும், முயலுக்குப் பின் கூண்டுக் கிளியையும் அவர் பரிசோதிக்க வேண்டியிருப்பதால், ஒரே மாலைப் பொழுதில் நான்கு விதமான உடற்கூறுகளை மாற்றி மாற்றி நினைவுக்குக் கொண்டுவருகிறார். நாய்க்குப் பற்கள் 42, பூனைக்கு 30 என்பது போன்ற வித்தியாசங்கள் அற்பமானவை. உயிரைத் தொடும் வித்தியாசங்களும் உண்டு. நாய்க்கு உபகாரம் செய்யும் பென்ஸிலின் மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால், அதன் குடலில் வாழும் நல்ல கிருமிகள் அழிந்து, அம்மருந்தே யமனாக முடியலாம். பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லாமையால், மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு ஓடும். ஆகவே கிளியின் மார்பை இறுகப் பற்றுகிறவர், நோய் கொல்லாத பறவையைத் தம் கையாலேயே கொன்றுவிடக்கூடும்.

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் 1761-ஆம் ஆண்டு உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டபோதும், நம் சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதும், மாடும் குதிரையுமே பெரும் அக்கறைக்குரிய ஜீவன்களாக இருந்தன. வீட்டுக்குள் படுத்துறங்கும் நாயும் பூனையும் வைத்திய சாஸ்திரத்தின் முழுக் கவனத்தையும் பெற்றது வெகுகாலம் கழித்தே. அந்தக் கவனம் பெருகப் பெருக, எல்லாத் துறையிலும் ஒருவரே சமமாகத் தேறுவது அசாத்தியம் என்பதும் தெளிவாயிற்று. ஆதலால் மூன்று நான்கு மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் கிளினிக்கில், தடுப்பூசி, காயம், உண்ணிக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு இவற்றை எல்லோருமே பார்ப்பார்களாயினும், அதற்கு மேல் ஒருவர் தோலையும், ஒருவர் கண்ணையும், ஒருவர் இருதயத்தையும் தமக்குரிய விசேஷத் துறையாக வரித்துக்கொள்கிறார்கள். எம்.வி.எஸ்ஸி. என்னும் மேற்பட்டம் அதற்கு அஸ்திவாரமாகலாம். ஆனால் பட்டம் பெற்ற பின்பும் மனம் தானாக நாடிச் செல்லும் ஈடுபாடே நோயாளிக்கு அதிகம் பயன்படுகிறது என்பது என் துணிபு. சொன்ன சொல் கேளாத முரட்டுக் குட்டி என்று எஜமானர் அலுத்துக்கொள்ளும் வெள்ளை ராஜபாளையம் நாயைக் கண்டதும், இந்த ஜாதியில் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டே என்று எண்ணி, அதன் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்கத் தோன்றுவது அத்தகைய ஈடுபாடு உடையவருக்குத்தான்.

கண் வைத்தியத்தில் சிரத்தையுள்ளவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீர் வடிய நிற்கும் பக் நாயின் இமையை விலக்கி, ஆரஞ்சு வண்ணச் சாயம் தோய்ந்த காகிதக் கீற்றொன்றை ஈரத்தில் தொடுவித்து, உப்பு நீரால் கழுவி, அறையை இருட்டாக்கி நீல விளக்கைப் பிடிக்கிறார். கருவிழியின் மேல்தோல் உரிந்த இடம் மட்டும் சாயத்தைப் பற்றிக்கொண்டு பளிச்சென்று பச்சையாக ஒளிர்கிறது. அந்தப் பச்சைப் புள்ளியைக் காணாமல், வெறும் சிவப்பென்று கருதி ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டிருந்தால், புண் ஆழ்ந்து விழியே துளைபட்டுப் போகலாம்.

ஒரு துறையில் ஊன்றி நிற்பதால் விளையும் நன்மைக்கு, பூனையின் இருதயத்தைப் பற்றிய ஒரு வரலாற்றைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. இருதயத் தசை மெலிந்து, அறைகள் ஊதிப் பெருத்து, மூச்சு முட்டிப் பூனைகள் இறப்பதை மருத்துவர்கள் நெடுங்காலம் கண்டிருந்தும், காரணம் விளங்காமல் திகைத்தனர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருதயத் துறையைச் சேர்ந்த பால் பியானும் அவருடைய சகாக்களும், அவ்வாறு நோயுற்ற பூனைகளின் இரத்தத்தில் டாரின் என்னும் சத்து மிகக் குறைந்திருப்பதைக் கண்டறிந்து 1987-ஆம் ஆண்டு வெளியிட்டனர். நாய் இந்தச் சத்தைப் பெரும்பாலும் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். பூனையோ மாமிசத்திலிருந்தும் மீனிலிருந்தும் பெற்றாக வேண்டும். கடையில் விற்ற தயார் உணவை மட்டுமே தின்று வந்த பூனைகளுக்கும் இக்குறை நேர்ந்திருந்தது. டாரினைக் கொடுத்ததும், தீராத வியாதி என்று கைவிடப்பட்டவற்றில் பல பூனைகளின் இருதயம் மீண்டும் வலுப்பெற்றது. உணவு தயாரிப்போரும் அந்தச் சத்தை அதிகமாகச் சேர்க்கலாயினர். பிறகு அந்நோய் அபூர்வமாகிவிட்டது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிராணியை அழைத்துச் செல்லும்போது, அதன் ஜாதியிலோ வியாதியிலோ விசேஷ ஈடுபாடுள்ள மருத்துவர் யார், அவர் எந்த நாளில் இருப்பார் என்று கிளினிக்கில் தயங்காமல் விசாரியுங்கள்; நல்ல மருத்துவர் எவரும் அதை அவமரியாதையாகக் கொள்ளமாட்டார். அதுவரையில் கைவைத்தியம் வேண்டாம். முக்கியமாக, நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய விஷமாதலால், அதில் ஒரு துண்டு கூடப் பூனையின் வாயில் போடாதீர்கள்.