நட்சத்திரக்குறி எந்த வேலையைச் செய்யும்?

குற்றாலம் பேரருவியில் வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை விதிப்பார்கள். அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் ‘தடை’ என்ற சொல்லுக்கு இருபுறமும் ஒவ்வொரு நட்சத்திரக்குறி இட்டால் போதும், எழுத்து தடித்துவிடும். அதே வரியை, குறிகளாலேயே எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன் முறையில் எழுதினால் சொல் தடிக்காது, சாயும். அங்கே தடிப்புக்கு இருபுறமும் இரண்டிரண்டு குறி வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவிலோ நட்சத்திரத்துக்குப் பதில் மூன்று ஒற்றை மேற்கோள்குறிகள்.

ஒவ்வொரு முறைக்கும் உள்ளே ஓர் ஒழுங்கு உண்டு. மார்க்டவுனில் குறி கூடினால் அழுத்தம் கூடும்; வாட்ஸ்அப்பில் குறிக்கொரு வேலை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் விரல் தடுமாறுகிறது.

பொத்தான்களில் இந்தத் தொல்லை குறைவு. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் வளாகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம் 2005இல் ‘ரைட்டர்’ என்ற எழுதுமென்பொருளை வெளியிட்டது. அதிலும் சரி, மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் சரி, கன்ட்ரோலோடு ‘பி’யை அழுத்தினால் எழுத்து தடிக்கும். ஒன்றைப் பழகியவர் மற்றதில் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

மார்க்டவுனை 2004இல் வெளியிட்டவர் ஜான் க்ரூபர். அவர் எழுதிய விளக்கத்தில் சில இடங்கள் தெளிவாக இல்லை. மென்பொருள் எழுதியவர்கள் அவற்றை அவரவர் போக்கில் நிரப்பினார்கள். ஒரே கோப்பு இடத்துக்கு இடம் வேறு தோற்றம் காட்டியது. அதைச் சீர்ப்படுத்த 2014இல் ஜான் மெக்ஃபார்லேன், ஜெஃப் அட்வுட் முதலானோர் ‘காமன்மார்க்’ என்ற வரையறையைக் கொண்டுவந்தார்கள். இன்று அதில் 600க்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள் உள்ளன.

அந்த வரையறையில் தமிழர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. சாய்வெழுத்துக்கு நட்சத்திரக்குறியும் இடலாம், அடிக்கோடும் இடலாம். ஆனால் *தென்காசி*யில் என்று எழுதினால் ஊர்ப்பெயர் சாயும். _தென்காசி_யில் என்றால் சாயாது, கோடுகள் அப்படியே நிற்கும். நிரல்களில் அடிக்கோட்டால் இணைத்து எழுதும் பெயர்கள் சிதையக்கூடாது என்பதற்காக, சொல்லுக்கு நடுவில் வரும் அடிக்கோட்டைக் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. உருபைச் சொல்லோடு ஒட்டியே எழுதும் நமக்கு நட்சத்திரக்குறிதான் பாதுகாப்பு.

பெயரிடலில் சறுக்கினால் திருத்துவது இன்னும் கடினம். வலைப்பக்கங்களுக்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ் மொழியில் இரு சொற்களை இணைக்க நடுவில் சிறுகோடு இடுவது வழக்கம். வரியை மடிக்காதே என்னும் ‘நோராப்’ கட்டளையில் அந்தக் கோடு விடுபட்டுவிட்டது. சிஎஸ்எஸ் குழுவே தன் வடிவமைப்புப் பிழைகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. மாற்றினால் பழைய பக்கங்கள் குலையும். பின்னாளில் வந்த ‘ஃப்ளெக்ஸ்’ அமைப்பிலும் அதே கட்டளை கோடில்லாமலே இடம்பெற்றது. பிழையானாலும் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருப்பது எழுதுகிறவருக்கு உதவிதான்.