ஃபோம் ஒட்டினால் பக்கத்து வீட்டுச் சத்தம் நிற்குமா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு சீரியல் வசனம் நம் படுக்கையறைவரை வந்தால், பலரும் முதலில் செய்வது கூம்பு கூம்பாக இருக்கும் ஃபோமை வாங்கிச் சுவரில் ஒட்டுவதுதான். சிலர் முட்டை அட்டையை ஒட்டுகிறார்கள். இரண்டாலும் அந்தச் சத்தம் குறையாது. ஏன் என்று பார்ப்போம்.

டிவியின் ஒலி காற்றில் வந்து பொதுச் சுவரில் மோதுகிறது. சுவர் கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிர்கிறது. அந்த அதிர்வு நம் பக்கத்துக் காற்றை அசைக்க, நமக்கு வசனம் கேட்கிறது. ஆகவே நம் வேலை, சுவரை அசையவிடாமல் செய்வது.

கனமான சுவர் எளிதில் அசையாது. ஆனால் எடையை இரட்டிப்பாக்கினாலும் ஏறத்தாழ 5 முதல் 6 டெசிபல்தான் குறையும். சத்தம் பாதியாகிவிட்டதாகக் காதுக்குத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவரை ஒன்பது அங்குலமாக்கினாலும் அது கிடைக்காது.

இப்போது ஃபோமுக்கு வருவோம். அதற்கு எடையே இல்லை. ஒலியை உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. பஞ்சு தண்ணீரை உறிஞ்சும்தான்; அதற்காகப் பஞ்சால் அணை கட்ட முடியுமா? நம் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் ஃபோம் குறைக்கும். ஸ்டுடியோக்களில் ஒட்டுவதும் அதற்காகவே.

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஓட்டைகளில். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமானாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. இரு வீட்டு ஸ்விட்ச் பாக்ஸ்களும் முதுகோடு முதுகாக இருக்கும் இடம், ஏசி குழாய்த் துளை, பீமுக்கு அடியில் சரியாகப் பூசாத இடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். இடுக்கையும் துளையையும் கலவையாலோ சீலன்ட்டாலோ அடைக்கலாம்; ஸ்விட்ச் பாக்ஸை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால், பழைய சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளி இரண்டாவது சுவர் எழுப்பலாம். உலோகச் சட்டம், அதனுள் ராக்வூல், மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு. உறிஞ்சும் பொருள் இங்கே மட்டும் ஏன்? இரு சுவர்களுக்கு நடுவே சிக்கிய ஒலி அங்கேயே முட்டிமோதி வலுக்காமல் ராக்வூல் அடக்குகிறது. தடுக்கும் வேலை போர்டின் எடைக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கும் உரியது. அறையில் நாலு அங்குலம் போகும்.

கிரைண்டர் சத்தம் மட்டும் வேறு வகை. அதன் அதிர்வு மேடை வழியாகத் தளத்திலும் தூணிலும் இறங்கி வருவதால், நம் பக்கத்தில் எழுப்பும் சுவர் அதிகம் உதவாது. அதை அது பிறக்கும் இடத்திலேயே தணிக்க வேண்டும். அதனால் கொத்தனாரைக் கூப்பிடும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் போடவும், டிவியைப் பொதுச் சுவரிலிருந்து கழற்றி வேறு சுவரில் மாட்டவும் கேட்டுப்பாருங்கள். மேட்டை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் ஃபோமைவிடச் செலவு குறைவுதான்.