ஆன்லைன் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்: 2 நிமிஷம் லேட்டானா என்ன ஆகும்?

வால்பாறையில் இருந்து பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு வரணும்னா 40 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். பல்லடம், சோமனூர் விசைத்தறித் தொழிலாளி லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. இவர்களுக்கு செல்போனிலேயே டாக்டரைப் பார்ப்பது பெரிய வசதி. ஆனால் நேரம் தவறினால்?

அரசு சேவையில் எப்படி?

மத்திய அரசின் இலவச சேவையான இ-சஞ்சீவனி ஓபிடி, 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு நேரத்தில் தொடங்கியது. மொபைல் எண்ணைப் பதிவு செய்து ஓடிபி கொடுத்தால் டோக்கன் வரும். லாகின் செய்ததும் வரிசையில் சேர்வீர்கள். உங்கள் முறை வரும்போது ‘கால் நவ்’ பட்டன் வேலை செய்யத் தொடங்கும். அதை 120 விநாடிக்குள் அழுத்த வேண்டும் என்பதுதான் தொடக்கத்தில் வகுத்த நடைமுறை. தவறவிட்டால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டி வரலாம்.

ஏன் இவ்வளவு கறார்?

ஆஸ்பத்திரி பெஞ்சில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா, "தண்ணி குடிக்கப் போயிருக்காருங்க" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். ஆன்லைனில் உங்களுக்காகச் சொல்ல யாரும் இல்லை. டாக்டருக்குத் தெரிவது காலி ஸ்கிரீன் மட்டும்தான். அடுத்த நோயாளியும் காத்திருக்கிறார்.

தனியார் ஆஸ்பத்திரியில்?

எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும். பணம் கட்டும் முன்பே இதைப் படித்துவிடுங்கள். கட்டணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் சொல்கிறது. லேட்டாகும் என்று தெரிந்தால் உடனே போன் செய்து வேறு நேரம் கேளுங்கள்.

லேட்டாகாமல் இருக்க என்ன செய்யலாம்?

* அன்று உங்க ஏரியாவில் மின் வாரியத்தின் மாதாந்திர மின்தடை இருக்கா என்று முந்தின நாளே பாருங்கள். கரண்ட் போனால் வைஃபையும் போகும்.
* போனில் சார்ஜ், டேட்டா, சிக்னல் மூன்றையும் சரிபாருங்கள்.
* 15 நிமிஷம் முன்பே உட்காருங்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை, பிபி, சுகர் அளவு கையில் இருக்கட்டும். தேடுகிற நேரமும் உங்கள் நேரம்தான்.
* பெரியவர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டால், பட்டனை அழுத்த வீட்டில் ஒருத்தர் கூட இருக்கட்டும்.

தவறிப்போச்சு, இப்ப என்ன?

பிபி, சுகர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் நோயாளிகளுக்கு வீட்டிலேயே மாத்திரை தருகிறார்கள். அதில் சேருவது பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது போன்றவை வந்தால் அடுத்த டோக்கனுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்கு போன் போடுங்கள்.