சிற்றோவியமும் வடக்கு யன்னலும்

ஓவியம் வரைவோர்க்கு இன்றியமையாதன யாவை என வினவின், தூரிகை, வர்ணம், தாள் எனப் பலரும் அடுக்கிச் சொல்வர்; ஒளியைச் சொல்வார் அரியர். பெருஞ்சீலையில் வரைபவர் ஒளி குறைந்தவிடத்தும் ஒருவாறு கருமத்தை நடத்திக் கொள்ளலாம். உள்ளங்கையில் அடங்கும் சிற்றோவியத்திலோ முகம் முழுவதுமே பெருவிரல் நகத்தளவினதாகும். ஒரு மயிரிழை விலகினும் சாயல் வேறாகிவிடும். ஆகவே இக்கலையைப் பயில விரும்பும் மாணவர் வர்ணப்பெட்டி வாங்குமுன் தாம் அமரும் இடத்தின் ஒளியை ஆராய்தல் வேண்டும்.

இதனை நன்குணர்ந்து எழுதிவைத்தவர் இங்கிலாந்தின் நிக்கலஸ் ஹில்லியார்ட் (1547–1619) என்பார். முதலாம் எலிசபெத் மகாராணியாரின் உருவைப் பன்முறை தீட்டிய இவர், சீட்டாட்டத் தாளின்மேல் ஒட்டிய மெல்லிய கன்றுத்தோலில் நீர்வர்ணங்கொண்டு வரைந்தார். 1600ஆம் ஆண்டளவில் தம் கலைபற்றி அவர் எழுதிய நூலில், ஒளி வடதிசையிலிருந்து, சற்றே கிழக்குச் சார்ந்து வருதல் வேண்டும் என்றும், யன்னல் ஒன்றேயாயினும் பெரிதாய் இருத்தல் வேண்டும் என்றும், சுவரோ மரமோ அவ்வொளியைத் தடுத்தலும் தெறிக்கச்செய்தலும் ஆகாதென்றும் விதித்துள்ளார். அரசியார் தம்மை வரைவித்தபோது, மரநிழல் படாத திறந்த தோட்டப் பாதையையே தேர்ந்து அமர்ந்தார் என்ற செய்தியும் அந்நூலிற் காணப்படுகின்றது.

வடக்கு யன்னலின் சிறப்பு யாது? இலண்டன் மாநகர் வட அகலக்கோடு ஐம்பத்தொன்றரைப் பாகையளவில் உள்ளது. ஆண்டு முழுவதும் நண்பகற் சூரியன் அங்கே தெற்கிலேயே நிற்கும். எனவே வேலைசெய்யும் நேரத்தில் வடக்கு யன்னல்வழி வருவது வெயிலன்று, வானின் ஒளியே. அது மென்மையானது, விரைவில் மாறாதது. யன்னல் ஒன்றே எனின் கைநிழலும் ஒன்றே. எதிரெதிரே இரண்டு யன்னல் இருப்பின் இரு நிழல்கள் தூரிகை நுனியிலே குறுக்கிட்டு, கோடு எது நிழல் எது என மயங்கவைக்கும். மரத்தைப் பற்றிய எச்சரிக்கையும் வீணன்று. யன்னலோரத்து வாழையிலையிற் பட்டுத் தெறிக்கும் ஒளி தாளைப் பசுமையாக்குவதை நம் வீடுகளிலும் காணலாம்.

ஆயின் ஹில்லியார்ட்டின் விதியை நாம் அப்படியே கைக்கொள்ளுதல் இயலாது. நூல்களைப் பார்த்து வடக்கு யன்னல் அமைப்போர் இதனைச் சிந்திப்பதில்லை. யாழ்ப்பாணம் ஒன்பது பாகை நாற்பது கலையளவில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டையொட்டி இங்கு உச்சிக்கு வரும் சூரியன், பின்னர் ஓகஸ்ட் மாத இறுதிவரை நண்பகலில் வடக்கே சாய்ந்தே நிற்கும். அந்நான்கரை மாதங்களிலும் நண்பகல் வெயிலைத் தாழ்வாரம் தடுத்துவிடும். காலையும் மாலையும் சரிந்துவரும் வெயிலை அது தடுக்காது. யன்னலில் மெல்லிய வெள்ளைத்துணி ஒன்றைத் தொங்கவிடுதலே போதிய பரிகாரமாம். எஞ்சிய ஏழரை மாதங்களும் ஹில்லியார்ட் சொன்னது நமக்கும் பொருந்தும்.

இனி இரவைப்பற்றிக் கூறுவேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், காலஞ்சென்ற தன் பாட்டியாரின் உருவைப் போட்டியொன்றுக்காகச் சிறிய அட்டையில் வரைந்தான். மஞ்சள் மின்குமிழொன்றின் கீழ் இரவிரவாக இருந்து முடித்தான். விடிந்தபின் நோக்கினால், பாட்டியாரின் வெண்சேலை மஞ்சட் சேலையாய் இருந்தது. கருநீலக் கரையோ வெளிறிப் போயிருந்தது. அவனுக்கு நிறவுணர்வு குறைவென்றே யான் அன்று கருதினேன். அவனிடம் அதனைச் சொல்லியும் விட்டேன். அவன் ஓராண்டு தூரிகையைத் தொடவில்லை. பிழை விளக்கினதென்பதைப் பின்னர்ப் படித்தே அறிந்தேன்.

மஞ்சள் மின்குமிழின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 2700 கெல்வின். அவ்வொளியில் நீலக்கதிர் மிகக் குறைவு. ஆதலால் வெள்ளையும் இளமஞ்சளும் ஒன்றுபோலத் தோன்றும். நீலம் இருண்டு காணப்படும். வெள்ளையிற் கலந்துவிட்ட மஞ்சளை அவன் காணாததும், நீலம் கறுத்ததென்று மேலும் வெள்ளை சேர்த்ததும் இதனாலேயே. வர்ணவேலைக்குப் பகலொளியை ஒத்த 5000 முதல் 6500 கெல்வின்வரையான விளக்கே ஏற்றது.

அதுமட்டும் போதாது. பகலொளிபோல் வெண்மையாய்த் தோன்றும் மலிவான எல்.ஈ.டி. விளக்கும் நிறங்களைத் திரித்துக் காட்டக்கூடும். பொருள்களின் நிறத்தை உள்ளவாறு புலப்படுத்தும் திறனைக் குறிக்கும் சுட்டெண் சி.ஆர்.ஐ. எனப் பெட்டியின்மேல் அச்சிடப்படுவதுண்டு. நூறே அதன் உச்சம். தொண்ணூறுக்குக் குறைந்ததைக் கொள்ளற்க. அச்சுட்டெண்ணும் எட்டு மென்னிறங்களின் சராசரியேயாதலின் அடர்சிவப்பு அதிற் சேர்வதில்லை. குங்குமத்தையும் உதட்டுச் சிவப்பையும் தீட்டுவோர் ஆர்-9 எனும் தனி எண் தரப்பட்டிருப்பின் அதனையும் நோக்குவாராக.

ஒளியின் அளவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய நியமங்கள் சித்திரக்கலாசாலை அறைகளுக்கு 750 லக்ஸ் விதிக்கின்றன. சிறிய விளக்கைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுவருவதாலேயே இதனைப் பெரும்பாலும் எய்தலாம். தூரம் பாதியானால் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் பயிலும் மாணவர் அறிந்ததே. வலக்கையால் வரைவோர்க்கு விளக்கு இடப்புறத்தே, சற்று முன்பக்கமாக இருத்தல் நன்று. ஈரவர்ணத்தின் பளபளப்புக் கண்ணில் அடித்தால் விளக்கை நகர்த்துக, தலையை அன்று. அறையின் ஏனைய பகுதியை இருளில் விடுதலும் தவறு. நிமிருந்தோறும் கண் இருளுக்கும் ஒளிக்குமாக மாறிமாறிக் களைத்துப்போம்.

வயதும் கருதற்பாலது. ஒரே விளக்கின்கீழ் இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகின்றதென்பர். நாற்பதைக் கடந்த யான் ஏற்றும் விளக்கு, என் மாணவனுக்குக் கூசுவதில் வியப்பில்லை.

விளக்கு வாங்கச் செல்வோர் ஒரு சிறுதாளில் வெள்ளை, இளமஞ்சள், கருநீலம், கறுப்பு ஆகிய நான்கையும் அடுத்தடுத்துப் பூசி எடுத்துச் செல்லலாம். கடையில் விளக்கை ஏற்றுவித்து, அதன்கீழ்த் தாளைப் பிடித்துப் பார்த்து, பின் வாசலுக்கு வந்து பகலொளியிலும் பார்க்கவேண்டும். வெள்ளையும் மஞ்சளும், நீலமும் கறுப்பும் ஈரிடத்தும் ஒரேயளவு தெளிவாகப் பிரிந்து தோன்றுமாயின் அவ்விளக்கை வாங்கலாம். அம்மாணவன் இப்பொழுது மீண்டும் வரைகின்றான். இத்தகைய தாளொன்று அவன் வர்ணப்பெட்டியின் மூடியில் ஒட்டப்பட்டிருக்கின்றது.