பிரசவக் கட்டிலில் விலங்கு எதற்கு?

அமெரிக்காவில் காவலில் உள்ள பெண்களைப் பிரசவத்துக்கு அழைத்துச் செல்லும்போது விலங்கு பூட்டுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2003இல் அர்க்கன்சாஸ் சிறைக் கைதி ஒருவர் வலியில் துடித்தபோதும் அவருடைய கால் கட்டிலோடு பிணைக்கப்பட்டிருந்தது. அது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 2009இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதுவும் 6க்கு 5 என்ற கணக்கில்தான்.

அந்தக் கைதி வயது வந்த பெண். சிறார் காவல் இல்லத்துச் சிறுமிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. வீட்டை விட்டு ஓடிவந்ததில் தொடங்கி அங்கே வந்து சேர்ந்தவர்கள் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் பலர். அப்படிப்பட்ட குழந்தையைக் கட்டிப்போடுவது பழைய காயத்தையே மறுபடி கீறுவது.

மருத்துவர்கள் இதை எதிர்ப்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. கை கட்டப்பட்ட கர்ப்பிணி தடுமாறினால் வயிறு அடிபட விழுவாள். குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டால் தாயின் கால்களை அக்கணமே வயிற்றை நோக்கி மடக்க வேண்டும். காவலர் சாவி தேடும் வரை சிசுவால் காத்திருக்க முடியாது.

1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சிறார் நீதிச் சட்டம் 2018 டிசம்பர் 21 அன்று திருத்திப் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி, காவலில் உள்ள கர்ப்பிணிச் சிறுமிகளுக்குப் பிரசவத்தின்போதும் அதன் பின் உடல் தேறும் காலத்திலும் விலங்கிடுவதை மாநிலங்கள் ஒழிக்க வேண்டும். வயிற்றுச் சங்கிலி, கால்விலங்கு, முதுகுப்புறம் கட்டும் கைவிலங்கு ஆகியவையும் கூடாது என்கிறது அது. ஆனால் தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து விளைவிப்பாள் என்று நம்ப இடமிருந்தால் விலக்கு உண்டு. அதைத் தீர்மானிப்பவர் காவலர் என்றால், இந்த விலக்கே சட்டத்தின் ஓட்டை. தவிர, இது கூட்டாட்சி அரசின் நிதியுதவி பெறும் மாநிலங்களுக்கான நிபந்தனை. எல்லோரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் ஆணை அல்ல.

கலிபோர்னியாவின் சட்டம் இன்னும் உறுதியானது. சிறார் இல்லத்துச் சிறுமி தான் கருவுற்றிருக்கிறாளா என்று அறியத் தானே ஒரு மருத்துவரைத் தேர்ந்து அழைக்கலாம். மருத்துவர் சொன்னால் விலங்கைக் கழற்றியாக வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் அவளுக்குரிய விதிகளை அவளிடமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி விதியையே நான் பெரிதாக மதிக்கிறேன். தனக்கு உரிமை உண்டென்று தெரியாத பதினைந்து வயதுப் பெண் யாரிடம் போய் முறையிடுவாள்? எல்லா மாநிலங்களும் முதலில் இதைச் சட்டமாக்கட்டும். விலங்கைப் பற்றிய முடிவையும் மருத்துவரிடமே விடட்டும்.