மருந்து வண்டி வரும் நேரம்

மருத்துவமனைக்குப் போய்வரும் நம்மவர்கள், "மிஸ்ஸி முகங்கொடுத்தே பேசவில்லை" என்று குறைப்படுவதுண்டு. சிலருக்குக் குணமே அப்படி. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்யும் நிலைமையையும் பார்க்கவேண்டும்.

பால் வெட்டுகிறவருக்கு நிரையில் இன்னும் 50 மரங்களைக் கூட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? அவசரத்தில் பட்டை காயப்படும். வார்டிலும் அப்படித்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்திருந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் 2004 முதல், ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று சட்டமே வரம்பு கட்டிவிட்டது.

ஆள் பற்றாக்குறையை நாம் தீர்த்துவிட முடியாது. ஆனால், மருந்து கொடுக்கும் வேளையில் குறுக்கே பேசாமல் இருக்க முடியும். சிட்னி நகரின் இரண்டு மருத்துவமனைகளில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறுகள் ஏறக்குறைய 12 விழுக்காடு கூடியது தெரிந்தது. மாத்திரையை எண்ணிக்கொண்டிருப்பவரிடம்தான் நாம், "அம்மாவை எப்போது வீட்டுக்கு அனுப்புவீங்க, மிஸ்ஸி?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். மருந்து வண்டி கடைசிக் கட்டிலையும் தாண்டியபின் கேட்டால், அவரும் நின்று பதில் சொல்வார்.