உங்களுக்குத் தெரியுமா? பிரிட்டனில் மனைவிக்குக் கணவரே கார் ஓட்டக் கற்றுத்தரலாம்

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தோடு பிரிட்டனில் குடியேறுபவர் அதை வைத்து முதல் 12 மாதங்கள்தான் கார் ஓட்டலாம். பிறகு, ஊரில் பத்து வருடம் ஓட்டியவரானாலும், தற்காலிக உரிமம் வாங்கிக் கணினித் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேற வேண்டும்.

கணினித் தேர்வில் 50 கேள்விகளில் 43-க்குச் சரியான பதில் வேண்டும். சாலை ஆபத்தை வீடியோவில் முன்கூட்டியே கவனிக்கும் பகுதி தனி. 2014 ஏப்ரல் வரை கேள்விகளைத் தமிழில் ஹெட்போனில் கேட்க முடிந்தது. இப்போது ஆங்கிலமும் வெல்ஷும் மட்டுமே. புதிதாக வந்திறங்கும் மனைவிமாருக்கு இது பெரிய இழப்புதான்.

ஆறுதலான விஷயம், பயிற்சிப் பள்ளியை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. 21 வயதைத் தாண்டி, மூன்று ஆண்டுகளாக முழு உரிமம் வைத்திருக்கும் கணவர் பக்கத்தில் உட்காரலாம். காரின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' பலகை, கற்பவர் பெயரிலும் இன்சூரன்ஸ் கட்டாயம். மோட்டார்வேயில் மட்டும் கணவரை நம்பி ஏறக்கூடாது. அதற்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரும் இரட்டை பெடல் காரும் வேண்டும். ஓட்டுநருக்கான சில விதிகள் கற்றுத்தருபவருக்கும் பொருந்தும்: மனைவி ஓட்டும்போது அவர் செல்போனைக் கையில் வைத்துப் பயன்படுத்தினால் குற்றம்.